காவலூர் வளைவில் டவர் கிடைத்தது

நேற்றுக் காலை தோசைக் கரண்டியைக் கையில் எடுத்த நேரம் போன் கத்தியது. யாரோ என்னை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ‘மலை நண்பர்கள், மீண்டும் சந்திப்போம்.’ கூடவே ரோஜாப்பூ, பலூன், கைகூப்பு. மீண்டும் சந்திக்கிறாங்களாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசையும் கருகிப்போச்சு.

கருகின வாடை என்றாலே எனக்கு எங்கள் ஹாஸ்டல்தான். மலைமேல் ஜமுனாமரத்தூருக்கும் காவலூருக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பள்ளி, தங்கிப் படிக்கிற பள்ளி. சாமைக் கஞ்சி தினமும் அடிப்பிடிக்கும், அந்த வாடையில்தான் கண் விழிப்போம். பனி மாசத்தில் எனக்கும் செந்தாமரைக்கும் சேர்த்து ஒரே கம்பளி. தூக்கத்தில் முழுசையும் அவளே சுருட்டிக்கொள்வாள். உதைத்தால், “போடி, நீ குண்டு, உனக்கு இன்னாத்துக்குக் குளிரு?” என்பாள். இப்பவும் நான் குண்டுதான், அதை விடுங்கள்.

படிப்பு முடிந்ததும் நான் மலையிறங்கிவிட்டேன். இன்று கண்ணமங்கலத்தில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். செந்தாமரையை எங்களோடு படித்த சங்கரின் அண்ணனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அவன் குடித்துவிட்டு அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது மந்தம். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். கையில் கிடைத்தால் வெட்டுவேன் என்று அவன் ஊர் ஊராகத் தேடினான். வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் மிஷின் தைக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னாலும் இதே மாதிரி ஒரு குரூப் வந்தது. எங்களோடு படித்து, மினி வேன் ஓட்டும் கோவிந்தன்தான் ஒவ்வொரு நம்பராகத் தோண்டியெடுத்து எங்கள் வகுப்பையே குரூப்பில் சேர்த்தான். சங்கரும் அதில் இருந்தான். அவளை மட்டும் சேர்க்கவில்லை. பழைய பள்ளியில் கூடுகிறோம் என்று நான் போனில் சொன்னதும் அவள் முதலில் கேட்டது ஒரே பேரைத்தான்.

“சங்கரு?”

“அண்ணனும் தம்பியும் கேரளாவுல மிளகு பறிக்கப் போயிருக்காங்க.”

“அப்ப வர்றேன்டி. கம்பெனியில எல்லாம் டோக்கன் நம்பர்தான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறவங்கள ஒரு தபா பாத்துட்டுப் போய்ட்றேன்.”

போட்டோ மட்டும் கூடாது என்றாள். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்னேன், எல்லோரும் சரி என்றார்கள். வந்தாள். அழுதாள், சிரித்தாள், எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் ஊரைச் சொன்னாள். கிளம்பும்போது கோவிந்தன் படமெடுக்கப் போனை நீட்டினான். நான் கத்தினேன்.

“இங்க டவரே இல்ல, எங்க போவப் போவுது? சும்மா இரு!” என்றான்.

மலையில் எங்கள் எல்லோருக்கும் அந்த நினைப்பு உண்டு. டவர் இல்லாத இடத்தில் எது செய்தாலும் அது மலையோடு போச்சு. செந்தாமரையே சிரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

சாயங்காலம் ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி போகிற பஸ்ஸில் ஏறினோம். கோவிந்தன் வேனில் முன்னாலேயே போய்விட்டான். பின் சீட்டில் இருந்த காசியம்மாள், அவளும் எங்களோடு படித்தவள்தான், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: “கோவிந்தன் அந்தப் படத்த குரூப்புல போட்டான்டி. சுத்திக்கினே கெடந்தது, போவல.”

போகாமல் என்ன? அது டவருக்காகக் காத்திருக்கிறது. காவலூர் வளைவில் டவர் கிடைத்ததும் தானாகப் போய்விடும். அவனை அழிக்கச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கும் டவர் வேண்டும். எனக்குக் கிடைக்கிற அதே வளைவில் அவனுக்கும் கிடைக்கும், அதுவும் எனக்கு முன்னாலேயே.

டிரைவரிடம் ஓடினேன். “அண்ணா, முன்னாடி போற வேன நிறுத்தணும்ண்ணா, ஒரு பொண்ணு உசுரு!”

“காட் ரோடும்மா இது, மலை வளைவுல வேகமாப் போவ முடியாது,” என்றார். ஆனாலும் மனுஷன் விரட்டினார். கீழ் வளைவில் வேன் தெரிந்ததும் விடாமல் ஹாரன் அடித்தார். அந்தப் பாவி கோவிந்தன் நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துவிட்டான்! பதிலுக்கு ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டு வேகமெடுத்தான். செந்தாமரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலூர் வளைவில் பஸ்ஸில் இருந்த போனெல்லாம் ஒன்றாகக் கத்தின. படம் வந்துவிட்டது. அடியில் கோவிந்தன் எழுதியிருந்தான்: ‘வாணியம்பாடியிலிருந்து வந்த எங்கள் செந்தாமரைக்கு நன்றி.’ நான் போன் போட்டுத் திட்டிய திட்டில் பதறிப்போய் அழித்தான். கேரளாவில்தான் டவருக்குக் குறைச்சலே இல்லையே. அதற்குள் சங்கர் எழுதிவிட்டான்.

‘அண்ணி, சௌக்கியமா? வாணியம்பாடியிலயா இருக்கீங்க?’

என் போனை வாங்கி அதைப் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆலங்காயத்துல எறங்கிக்கறேன். இனிமே ரூமுக்குப் போவ முடியாது.”

“எங்கடி போவ? எங்கூட வாடி.”

“உன் வூட்டுக்குத்தான்டி மொதல்ல வருவாங்க. எங்க போறேன்னு கேக்காத. உனக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

இறங்கினாள். கூட்டத்தில் கொஞ்ச தூரம் அவள் முதுகு தெரிந்தது.

ஒரு காலத்தில் மலையிறங்கினவர்கள் கீழே எந்த ஊரிலாவது நிம்மதியாக ஒளிந்துகொள்ள முடிந்தது. தேடுகிறவன் சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் வந்து நாலு பேரை விசாரிப்பான், அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்புவான். அந்தக் காலம் போச்சு. அவளுடைய பழைய நம்பர் இப்போது இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. யாராவது பார்த்தீர்களா என்று இந்தப் புதுக் குரூப்பில் ஒரு வரி போட்டால் மலை முழுக்கத் தேடித் தந்துவிடுவார்கள். அதனாலேயே நான் கேட்பதில்லை.