தீயில் செத்த நாலு செடி

எண்பதுகளின் நடுவில், இண்டூர்ப் பக்கத்து மலைச்சரிவில் வேங்கை நட்டிருந்த காட்டுக்கு என் கணவர் தற்காலிக வாச்சராக இருந்தார். கல்யாணமாகி எங்களுக்கு அது இரண்டாவது வருடம். அந்த நாற்றுகளை நட்ட பெண்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு நாற்றுக்குப் பக்கத்திலும் அடையாளத்துக்கு ஓர் ஆவாரங்குச்சி குத்திவைப்போம். புல் ஆளுயரம் வளர்ந்தாலும் குச்சியை வைத்துச் செடியைத் தேடிக்கொள்ளலாம்.

மாசிக் கடைசியில் எங்கள் குடம் ஓட்டையாகிவிட்டது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் வேறு வாங்கி வரச்சொல்லி அவரை நச்சரித்தேன். "புல்லு காஞ்சு கெடக்குது, தீப் புடிக்கிற காலம். காட்ட உட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். நான் விட்டால்தானே! அவர் போன மத்தியானம் காடு பற்றிக்கொண்டது. காய்ந்த புல், மேல்காற்று. ஆள் கூப்பிட்டு முடிப்பதற்குள் சரிவு முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

மறுநாள் ஃபாரஸ்டர் வந்து பார்த்தார். "நேத்து எங்கடா போன?"

"சந்தைக்குங்க சார்."

"என்ன அவசரம்?"

"வேல இருந்துச்சுங்க." அவ்வளவுதான் சொன்னார். என் பேச்சையே எடுக்கவில்லை.

"திங்கக்கிழமை வந்து ரிப்போர்ட் எழுதறேன். செத்த காடுன்னு எழுதிட்டா எல்லாத்தையும் புடுங்கிட்டுத் தைலமரம் வெச்சிருவாங்க. உன் வேலையும் அதோட போச்சு."

என் கணவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வாய் திறக்காமல் சோறு தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. விடிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மலையேறினேன். எப்படியும் பிடுங்கப்போகிறார்கள், நானே பிடுங்குகிறேன் என்று, ஆவாரங்குச்சி எது செடி எது என்று பாராமல், கறுத்து நின்றதையெல்லாம் இழுத்து எறிந்தேன். சில லேசாகக் கையோடு வந்தன. சில அசையவே இல்லை. என்னை எதிர்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஆத்திரமாக வந்தது.

ஒன்றை வேரோடு தோண்டினேன். மேலே சுண்டுவிரல் கனம்தான், அதுவும் கரி. கீழே பார்த்தால் முள்ளங்கி மாதிரி தடித்த வேர். களைக்கொத்து பட்ட இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. வேங்கையை வெட்டினால் ரத்தம் மாதிரி வடியும் என்பது ஊருக்கே தெரியும். செத்ததற்கு ஏது ரத்தம்? ஒன்றைப் பார்த்தது போதாதா? போதவில்லை எனக்கு. இன்னும் மூன்றைத் தோண்டி, மூன்றையும் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே ஓடினேன்.

திங்கட்கிழமை ஃபாரஸ்டர் பேனாவைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இழுத்துப் பாருங்க சார். வந்தா குச்சி, வராட்டிச் செடி."

அவர் சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். ஒன்று வந்தது. அடுத்தது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பக்கத்து வரிசைக்குப் போய் இன்னும் நாலைந்தை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "ஒரு மழை பாக்கலாம்," என்றார்.

அந்த மழைக்காக நான் காத்திருந்தது போல் எதற்கும் காத்திருந்ததில்லை. சித்திரையில் இரண்டு நாள் பெய்தது. அடுத்த வாரம் மூன்று பேரும் மேலே ஏறினோம். ஒவ்வொரு கரிக்கட்டையின் அடியிலிருந்தும் இளம்பச்சையாகத் துளிர், சிலதில் இரண்டு மூன்று. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வேங்கையின் இந்தக் குணம் பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கன்றாக இருக்கும்போது தீ வந்தால் தண்டை விட்டுக்கொடுத்துவிட்டு உயிரை மண்ணுக்குள் வைத்துக்கொள்ளும். கருகும், துளிர்க்கும், மறுபடி கருகும். வேர் மட்டும் தடித்துக்கொண்டே போகும். போதுமான பலம் வந்த ஒரு வருடம், தீ எட்டாத உயரத்துக்கு ஒரே வீச்சில் எழுந்துவிடும்.

ஃபாரஸ்டர் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு வரிசையில் நின்றுவிட்டார். அங்கே நாலு குழிகள் வெறுமையாக இருந்தன.

"காடு பூரா துளுத்திருக்குது. இந்த நாலு மட்டும் எதுலடா செத்துச்சு?"

என் கணவர் குழிகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தீயிலதாங்க சார்," என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.