கன்று நடாத சிவாஜினி

இறக்கக்கண்டிக்கு மேற்கே கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தைக் காடு என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். பாலை, வீரை, முதிரை மரங்கள் நின்ற இடம். சண்டைக் காலத்தில் வெட்டி வெளியாக்கினார்கள். மிஞ்சியது அடிக்கட்டைகளும் உண்ணிச்செடியும். கட்டைகளில் பல சாகவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் தளிர்விடும். மழை விட்டதும் மாடுகள் வந்து மேய்ந்துவிடும்.

சிவாஜினி அந்த ஊர்க்காரி. திருகோணமலை ரவுணில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மரநடுகை விழாக்களுக்கு அறிக்கை எழுதும் வேலை செய்தாள். விழாவில் நட்ட தேக்கங்கன்றுகள் அடுத்த வறட்சியில் வீசும் கச்சான் காற்றில் கருகிவிடும். மறு வருடம் அதே குழியில் அதே ஆட்கள் நடுவார்கள். "வெற்றிகரமாக நிறைவேறியது" என்று அவள் எழுத வேண்டும். ஒரு நாள் எழுத மாட்டேன் என்றாள். வேலை போனது.

அந்தக் கோபத்தோடுதான் ஒரு வெளிநாட்டு நிதியத்துக்கு விண்ணப்பித்தாள். சொந்த மண்ணின் காடுகளை மீட்கப் புதிய வழி சொல்பவர்களுக்கு அது பணம் கொடுத்தது. அவள் கன்று கேட்கவில்லை. வேலி கேட்டாள், கட்டைகளில் வரும் தளிர்களில் வலுவானதை விட்டு மற்றவற்றைக் கழிக்க ஆட்கூலி கேட்டாள், குருவிகள் வந்து குந்தி விதை போடுவதற்கு உயரமான தடிகள் நட வேண்டும் என்றாள். மாட்டுக்காரர் எல்லாருக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு கொடுப்பனவு. ஒருவருடைய மாடு உள்ளே போனாலும் ஒருவருக்கும் இல்லை. நிதியம் சம்மதித்தது.

ஊர் சம்மதிக்கவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் குலசிங்கத்தின் நாற்றுமேடையிலிருந்துதான் அதுவரை எல்லா விழாக்களுக்கும் கன்று போனது.

"கன்று ஒண்டும் நடாமல் காடு வளர்க்கப் போறாவாம்," என்று அவர் சங்கக் கூட்டத்தில் சிரித்தார். "குருவி பீச்சுறதுக்கு வெளிநாட்டுக் காசு. கேட்டியளே கதையை?"

"நீங்கள் குடுத்த கன்றில நிண்டது ஒண்டைக் காட்டுங்கோ அண்ணை," என்றாள் சிவாஜினி. "இந்தக் காசை அப்பிடியே திருப்பி அனுப்புறன்."

குலசிங்கத்தின் முகம் கறுத்தது. "இந்த வாய்க்குத்தான் உன்னை ஒருத்தனும் கட்டேல்ல."

அன்றிலிருந்து அவள் அவரை அண்ணை என்று கூப்பிடுவதில்லை.

பிறகு அவள் கடைக்குப் போனால் அங்கே கதை நின்றுவிடும். ஒரு விடியற்காலை அவளுடைய முற்றத்தில் மீன்குடல் கொட்டிக் கிடந்தது. அவள் அதை அள்ளித் தென்னைக்குப் புதைத்துவிட்டு வேலி போடப் போனாள்.

அந்த மாரியில் வீரைத் தளிர்கள் இடுப்புயரம் வந்தன. தடிகளுக்குக் கீழே குருவி போட்ட விதையில் கூழா மரக்கன்றுகள் முளைத்தன. மழை விட்ட கையோடு யாரோ கம்பியை வெட்டினார்கள். பட்டி மாடுகள் புகுந்து பாதியைத் தின்றுவிட்டன. கொடுப்பனவு நின்றது. மாட்டுக்காரர்கள் முனீப் என்பவரின் தலைமையில் அவளுடைய படலை வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள்.

"வேலி உங்கட பொறுப்பு தங்கச்சி. எங்கட காசு எங்க?"

"காசு குடுத்துக் கம்பி வேண்டினது நான், முனீப் நானா. வெட்டினது நானில்லை. காசு போனது உங்களுக்கு. போய்க் காவல் நில்லுங்கோ."

"எங்களுக்கே கட்டளை போடுறீங்களோ?"

"ஓம். என்னால தனிய ஏலாது."

அவர்கள் ஏசிக்கொண்டே போனார்கள். ஆனால் முறைவைத்துக் காவல் நின்றார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் கம்பி வெட்டும் குறட்டுடன் வந்தவனை முனீப் மடக்கினார். அவன் பெயர் நிருபன், குலசிங்கத்தின் நாற்றுமேடையில் வேலை செய்பவன். முனீப் விட்ட அறையில் அவனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது.

சங்கக் கட்டிடத்தில் வைத்துக் கேட்டபோது குலசிங்கம் மறுக்கவில்லை. "நான்தான் அனுப்பினனான். என்ர மேடையில வேலை செய்யிற பொம்பிளையளுக்கு இனி ஆர் சோறு போடுறது? அவவின்ர குருவியளோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகச் சிவாஜினிக்கும் பட்டது. அது அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது. நேரே பொலிசுக்குப் போய் அவர்மேல் முறைப்பாடு கொடுத்தாள்.

செய்தி கேட்டு நிதியத்திலிருந்து ஜுமானா என்ற அதிகாரி வந்தாள். "ஊர் எதிர்க்கிற இடத்தில இனிக் காசு போட ஏலாது. சங்கமும் இதில சேர வேணும்," என்றாள்.

"வேலி வெட்டின ஆளோட ஒரு மேசையில இருக்கச் சொல்லுறீங்களா?"

"இல்லாட்டி இது இதோட முடியும்."

சிவாஜினி அன்று பின்னேரம் காட்டுக்குள் தனியே நடந்தாள். வீரை மறுபடி தளிர்த்திருந்தது. ஆனால் பாலை எங்கும் இல்லை. அதன் கட்டைகள் செத்திருந்தன, விதையும் முளைக்கவில்லை. பாலையைக் கன்றாகத்தான் வைக்க வேண்டும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். சொன்னால் குலசிங்கத்திடம் போக வேண்டி வரும் என்று சொல்லாமல் இருந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் ஜுமானாவைப் பார்த்தே பேசினாள். "மேடையில பாலை போடட்டும். தேக்கு வரக்கூடாது. நட்டதுக்குக் காசில்லை, ரெண்டு கச்சான் தாண்டி நிண்டதுக்குத்தான். அதுவரைக்கும் பொம்பிளையளுக்குத் தண்ணி ஊத்துற கூலி குடுங்கோ."

குலசிங்கமும் ஜுமானாவைத்தான் பார்த்தார். "எங்கட கன்றில அவ கை வைக்கக் கூடாதெண்டு சொல்லுங்கோ."

"அவர் வேலிப் பக்கம் வரக் கூடாதெண்டு சொல்லுங்கோ."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சேர்ந்து நின்று படம் எடுக்கலாம் என்று ஜுமானா சொன்னபோது இருவருமே எழுந்து போய்விட்டார்கள்.

முறைப்பாட்டை அவள் திரும்பப் பெறவில்லை. வழக்குத் தவணை நாட்களில் ஒரே பஸ்ஸில் இருவரும் ரவுணுக்குப் போவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். வீரைகள் இப்போது ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டன. பாலைகள் முழங்கால் அளவுதான்.

போன கிழமை, இரண்டு கச்சான் தாண்டி நின்ற பாலைகளின் கணக்கெடுப்பு. ஒரு பாலை இலையெல்லாம் கொட்டி நின்றது. செத்துவிட்டது என்றாள் சிவாஜினி. உயிர் இருக்கிறது என்றார் குலசிங்கம். இருவரும் முனீப்பைப் பார்த்துத்தான் சொன்னார்கள். முனீப் குனிந்து நகத்தால் தண்டைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"நிண்டதில சேருங்கோ நானா," என்றுவிட்டு, குலசிங்கத்தின் பக்கம் திரும்பாமலே அடுத்த கன்றுக்குப் போனாள்.