பிடித்து வைத்திருந்தது என் போன்

குற்றாலத்து மேடையில் அன்று ஆயிஷாவின் பிரெய்ல் டிஸ்ப்ளே வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் நான். அதைச் சரிசெய்தவன் என்று பொன்னாடை போர்த்திக்கொண்டவனும் நான்!

நீங்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள்... முழுக்கக் கேட்ட பிறகும் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தென்காசியில் ஒரு வங்கியில் வேலை. ஆனால் கடையநல்லூரிலிருந்து வாசுதேவநல்லூர் வரை பார்வையற்றவர்களிடையே எனக்கு வேறொரு பெயர் உண்டு: புளூடூத் வைத்தியர். யார் போனோடு எந்தக் கருவி சேர மறுத்தாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். நாலு கேள்வி கேட்பேன், கருவி வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

ஆயிஷா கடையநல்லூர்க்காரி. என்னைப் போலவே பார்வையற்றவள், தமிழாசிரியை. குரலென்றால் அப்படியொரு குரல்! துபாயில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் முஜீப், யாரோ பயன்படுத்திய பிரெய்ல் டிஸ்ப்ளே ஒன்றை அங்கே வாங்கித் தங்கைக்கு அனுப்பினான். போனில் வரும் எழுத்தெல்லாம் அந்தப் பலகையில் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவி வாசிக்கலாம். கம்பி கிடையாது, புளூடூத்தில் இணையும்.

அமைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தபோதே அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, உங்க போன்ல மட்டும் சேத்துறாதீய. பெறகு யார்கிட்ட போவணும்னு அதுக்கே கொழம்பிரும்."

சேர்த்தேன்! ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து விரலால் செய்தி வாசித்தேன். காதுக்குள் இயந்திரக் குரல் ஓதுவதையே கேட்டுப் பழகியவனுக்கு அது என்ன சுகம் தெரியுமா? திருப்பிக் கொடுக்கும்போது என் போனிலிருந்து அந்த இணைப்பை அழித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன்... பொய். இன்னொரு முறை கைக்குக் கிடைக்காதா என்ற ஆசை. அதனால் அழிக்கவில்லை.

சாரல் கட்டியிருந்த வாரம் அது. குற்றாலத்தில் ஒரு கலைவிழாவைத் தொகுத்து வழங்க ஆயிஷாவை அழைத்திருந்தார்கள். அவளுக்கு அதுதான் முதல் மேடை. துணைக்கு நானும் போயிருந்தேன். விருந்தினர் பெயர்கள் கடைசி நிமிடம் வரை மாறும் என்பதால், தாளில் பிரெய்ல் குத்தி எடுத்துப்போக வழியில்லை. விழாச் செயலாளர் பெயர்களைப் போனுக்கு அனுப்புவார், அவள் விரலால் வாசித்து மைக்கில் சொல்வாள் என்று ஏற்பாடு. முதல் நாள் நன்றாக அமைந்தால் மற்ற நாள்களும் அவளுக்கே. இல்லையென்றால் மைக்கை வாங்கிக்கொள்ளப் பார்வையுள்ள ஒருவர் பக்கத்திலேயே தயாராக நின்றார்.

வீட்டில் ஒழுங்காக ஓடிய கருவி, மேடைக்கருகே அவள் போனோடு சேரவில்லை. அணைத்தாள், போட்டாள். 'பூட்டப்பட்டுள்ளது' என்ற ஒரே சொல்தான் விரலடியில் எழுந்தது.

"என் போனு தெறந்துல்லா கெடக்கு, அண்ணாச்சி! பெறகு எது பூட்டியிருக்குங்குது இது?"

மறுபடி கருவியின் பட்டனை அழுத்தினாள். அழுத்திய அதே கணத்தில், என் காதில் சொருகியிருந்த இயர்போன் சொன்னது: "பூட்டப்பட்டுள்ளது."

என் சட்டைப்பையில் கிடந்த போன்! அவள் போட்டதும் கருவி பழைய இணைப்பைத் தேடி அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்... அவ்வளவுதானே! ஆனால் செயலாளர் பக்கத்தில் நின்றார். "வைத்தியர் இருக்காருல்லா, பாத்துக்கிடுவாரு" என்று யாரோ சொன்னார்கள்.

அதற்குள் ஆயிஷா பதறிப்போய் அண்ணனை அழைத்துவிட்டாள். "எவனோ கழிச்சுப் போட்ட சாமான எந் தலையில கட்டிட்டியேண்ணே! வாங்கத் தெரியலன்னா எதுக்கு வாங்குத? சபையில எனக்கு மானம் போவுது!"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு... நான் பாத்துத்தாம்மா வாங்குனேன்..." ஸ்பீக்கரில் முஜீப்பின் குரல் உடைந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்களா?

"இங்கன கொண்டா. சாரல் ஈரம் ஏறியிருக்கும்" என்று கருவியை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். ஊருக்காக அதைத் துண்டால் துடைத்தேன். பிறகு என் போனைத் திறந்து இணைப்பை அழித்து, புளூடூத்தையும் அணைத்தேன். திரும்பி வந்து அவள் போனில் புதிதாக இணைத்தேன். புள்ளிகள் சடசடவென்று எழும்பின!

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! இடது கை பலகையில் ஓட, வலது கையில் மைக். ஆய்க்குடிப் பக்கம் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு விருந்தினர் வரவில்லை. அவருக்குப் பதில் வந்தவரின் பெயரைப் பட்டங்களோடு ஒரு திக்கல் இல்லாமல் சொன்னாள். சாரல் வலுத்தபோது, "குற்றாலத்துக்கு வந்துவிட்டு நனையாமல் போவதாவது? உட்காருங்கள்!" என்றாள். கூட்டம் ஆரவாரித்தது, நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. தயாராக நின்ற மனிதரும் கீழே போய் உட்கார்ந்து கைதட்டினார்.

"பிள்ள பின்னிட்டால்லா! எல்லா நாளும் இவதாம்வே" என்றார் செயலாளர். எனக்குக் கண்ணீர் வந்தது. அந்த மகிழ்ச்சி மட்டும் கலப்படமில்லாதது, நம்புங்கள். இன்றைக்கு அவள் ஏறாத மேடை இந்தப் பக்கத்தில் இல்லை!

அன்று விழா முடியும்போது அவள் என்னை மேடைக்கு அழைத்தாள். "என் விரலுக்கு எழுத்தை மீட்டுத் தந்தவர்" என்றாள். பொன்னாடை விழுந்தது. குனிந்து வாங்கிக்கொண்டேன்... பாவி!

மறுநாள் முஜீப் அழைத்தான். "நீங்க இல்லன்னா எந் தங்கச்சி கெதி என்ன, அண்ணாச்சி? எனக்கு இதெல்லாம் வாங்க விவரம் பத்தல."

விவரம் பத்தாதவனாம்! நல்ல பொருளைத்தான் வாங்கினாய் தம்பி என்று சொல்ல, இதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்குமா? "பரவால்ல தம்பி" என்றேன்.

போன மாதம் விடுப்பில் வந்தவன் நேரே என் வீட்டுக்கு வந்து, ஒரு பெட்டியை என் கையில் வைத்தான். "உங்களுக்குத்தான், அண்ணாச்சி. பழசு நமக்கு ராசியில்லல்லா... கடையிலயே புதுசா வாங்கிட்டேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா இருப்ப தம்பி" என்றுதான் வந்தது.

இந்த வரிகளை அந்தப் புது டிஸ்ப்ளேயில்தான் தடவித் தடவித் திருத்துகிறேன். இதுவரை ஒரு முறைகூட அதன் இணைப்பு அறுந்ததில்லை.