சோத்தன் ஓடிய நாள்

நிப்லாவுக்குப் பயம் வந்தால் அழுகை வராது, சிரிப்புத்தான் வரும். பரீட்சை மண்டபத்தில் சிரித்து வெளியே அனுப்பப்பட்டிருக்கிறாள். பல் பிடுங்கப் போன இடத்தில் அவள் சிரித்து முடிக்கும்வரை டொக்டர் ஊசியும் கையுமாகக் காத்து நின்றிருக்கிறார். நாவுலவிலிருந்து மாத்தளைக்கு ரோபோ போட்டிக்குப் புறப்பட்ட அந்தச் சனிக்கிழமை காலையில், வாப்பாவின் முச்சக்கரவண்டியில் ஏறியது முதல் அவள் வாய் மூடவே இல்லை.

"புள்ள, மூச்சு விட்டுட்டு சிரி" என்றார் பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்த மஸூதா டீச்சர். அவர்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை அவர். மறுபக்கத்தில் துஷாந்தினி, மடியில் அட்டைப்பெட்டியை அணைத்தபடி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் சோத்தன் இருந்தான்.

சோத்தன் என்பது ரோபோவின் பெயர். அவன் உடம்பு நிப்லாவின் பழைய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. கீழே இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், முன்னால் தரையைப் பார்த்தபடி ஐந்து சென்சர். சோத்துப்பெட்டியில் பிறந்தவன் என்பதால் சோத்தன். விண்ணப்பப் படிவத்தில் ரோபோவின் பெயரைக் கேட்டிருந்தார்கள். வேறு நல்ல பெயர் யோசிக்கலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். இருவரும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன், பாடசாலைக்கு வந்திருந்த ரோபோ பாகங்களின் பெட்டியை டீச்சர் பதினோராம் தரத்துப் பிள்ளைகள் முன்னால் திறந்தார். "எனக்கும் இது தெரியாது. தெரியும்னு சென்னா பொய். பிரிச்சுப் பாப்போம்" என்றார். முதல் நாள் இருபது பேர் நின்றார்கள். மூன்றாவது வாரம் இரண்டு பேர் மிஞ்சினார்கள். நிப்லாவுக்கு எதையாவது கழற்றிப் பூட்டாவிட்டால் கை சும்மா இருக்காது. நாலந்தாப் பக்கத்து மிளகுத் தோட்டமொன்றில் வேலை செய்பவரின் மகளான துஷாந்தினிக்குக் கணக்கு என்றால் உயிர். வயரெல்லாம் நிப்லாவிடம், லாப்டாப்பில் கோட் எழுதுவது துஷாந்தினி. முதல் தடவை ஓடவிட்டபோது வயர் மாறிப் போய் சோத்தன் பின்பக்கமாகப் பாய்ந்து டீச்சரின் காலில் மோதினான். வலியில் ஒற்றைக் காலில் நின்றபடியே டீச்சரும் கைதட்டினார். எப்படியோ ஓடிவிட்டானே!

போட்டி நடந்த மண்டபத்தில் இருபத்திரண்டு அணிகள் இருந்தன. சிலருடைய ரோபோக்கள் பளபளவென்று கடைச் சாமானாகவே இருந்தன. ஓர் அணியினர் ஒரே நிறத்தில் டீஷேர்ட் போட்டு, முதுகில் பெயர் அடித்திருந்தார்கள். நடுவில் பெரிய மேசை, அதன்மேல் வெள்ளைப் பலகை, பலகையில் வளைந்து நெளிந்து போகும் ஒரு கறுப்புக் கோடு. கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், முடிவிலுள்ள சிவப்புச் சதுரத்துக்குள் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். எது நன்றாக அமைகிறதோ அது கணக்கு.

அறிவிப்பாளர் சிங்களத்தில் "சோட்டன்!" என்று அழைத்ததும் நிப்லாவுக்கு மறுபடியும் பொங்கிக்கொண்டு வந்தது. துஷாந்தினி அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

சோத்தன் புறப்பட்டான். முதல் வளைவு சுகம். இரண்டாவது வளைவும் சுகம். மூன்றாவது வளைவுக்குப் போனவன், கோட்டை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஆறு சுற்று. யாரோ பின்னாலிருந்து தாளம் தட்டினார்கள். ஒன்பதாவது சுற்றில் மண்டபமே சேர்ந்து தட்டியது. சோத்தன் கல்யாண வீட்டில் ஆடுகிறவன் போல ஆடினான். நேரம் முடிந்ததாக மணி அடித்தபோது நிப்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சிரிக்காதடி! பூச்சியம் வாங்கியிருக்கோம்" என்றாள் துஷாந்தினி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரோரமாகப் போய் லாப்டாப்பைத் திறந்து, தான் எழுதிய கோட் முழுவதையும் தலைகீழாக மாற்றத் தயாரானாள். அடுத்த ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது.

நிப்லா எழுந்து மேசையருகே போனாள். வேறு அணியின் ரோபோ ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அதே மூன்றாவது வளைவில் கொஞ்சம் தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டது. அவள் பலகையைப் பார்த்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கிழக்குப் பக்கத்து உயர ஜன்னலிலிருந்து வெயில் ஒரு பட்டையாக விழுந்து, சரியாக அந்த வளைவின்மேல் படுத்திருந்தது. அவர்கள் பழகியதோ திரை போட்ட வகுப்பறையில்.

"துஷா! கோட்ட தொடாத! கோட் சரி!" என்று மண்டபத்தைக் குறுக்கே கடந்து ஓடிவந்தாள். "வெயில்டி! வெயில் பட்டா சென்சருக்குக் கறுப்பும் வெள்ள மாதிரித்தான் தெரியுது. அவனுக்குக் கண்ணு கூசுது!"

துஷாந்தினி லாப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப குடை பிடிக்கணும்ங்கிறியா?"

"குடை இல்ல. பாவாட."

டீச்சர் போய் ஜன்னலை மூட முடியுமா என்று நடுவர்களிடம் கேட்டார். எல்லோருக்கும் ஒரே வெளிச்சம், மூட முடியாது என்று புன்னகையோடு சொல்லிவிட்டார்கள். நிப்லா அதற்குள் வெளியே ஓடியிருந்தாள். வாப்பா ஸஹாப்தீன் வண்டியைப் பலாமரத்தடியில் நிறுத்தி, பணிஸ் தின்றுகொண்டிருந்தார்.

"வாப்பா, கறுப்பு ரெக்ஸின் கொஞ்சம் வேணும். இப்பவே!"

"எதுக்கு மகள்?"

"சோத்தனுக்குப் பாவாட!"

ஸஹாப்தீன் வண்டியின் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். போன மாதம்தான் புதிதாகத் தைத்துப் போட்டது. பக்கத்தில் மழைக்கு இறக்கிவிடும் திரையும் புதிது. மிச்சப் பணிஸை மெதுவாக மென்று விழுங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். அது வியர்த்துச் சிவந்து, கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"எத்தின அங்குலம்?" என்றார்.

பதிவு மேசையில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, மழைத்திரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து அவரே நீளமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். வெட்டும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் பிடிக்க, துஷாந்தினி ஒட்ட, நிப்லா கீழ்விளிம்பு தரையில் உரசாமல் அளவு பார்த்து வெட்டினாள். ஒரு ரப்பர் பட்டி, நிறைய செலோடேப். பத்து நிமிடத்தில் சோத்தன் இடுப்பிலிருந்து கறுப்புப் பாவாடை தொங்க நின்றான். வெயில் விழுந்த சீமெந்துத் தரையில் செலோடேப்பைக் கோடாக ஒட்டி, மையால் கறுப்படித்து ஓடவிட்டார்கள். நூல் பிடித்த மாதிரி போனான்.

இப்போது துஷாந்தினிக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. "நிப்லா, வேகத்தக் கொஞ்சம் கூட்டுவமா?"

"கூட்டு!"

"பழகாம கூட்ட வேணாம் புள்ளைகளே" என்றார் டீச்சர். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் துஷாந்தினியின் விரல் வேகத்துக்கான எண்ணை மாற்றிவிட்டது. கொஞ்சம் என்று சொன்னாளே தவிர, அது கொஞ்சம் இல்லை.

இரண்டாவது தடவை "சோட்டன்!" என்றதுமே ஆட்டம் பார்க்கும் ஆசையில் கூட்டம் மேசையைச் சூழ்ந்தது. சோத்தன் பாவாடை படபடக்கப் பாய்ந்தான். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவில் வெயில் பட்டையை அப்படியே கிழித்துக்கொண்டு போனான். நிப்லா கூவினாள். டீச்சர் அவளைவிடச் சத்தமாகக் கூவினார். நான்கு, ஐந்து, கடைசி நேர்க்கோடு, சிவப்புச் சதுரம். சோத்தன் அதில் நிற்கவில்லை. வந்த வேகத்தில் சதுரத்தைக் கடந்து, பலகையைக் கடந்து, மேசை விளிம்பையும் கடந்து காற்றில் பறந்தான்.

அந்தப் பக்கம் நின்றது துஷாந்தினி. வெள்ளைச் சீருடைப் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். சோத்தன் தொப்பென்று அதற்குள் விழுந்து, சக்கரம் இரண்டும் சுழல மல்லாந்து கிடந்தான். மண்டபம் அதிர்ந்தது. நடுவர்களில் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு வினாடி. அன்றைக்கு எல்லாரையும் விடக் குறைந்த நேரம். சதுரத்துக்குள் நிற்காததற்குப் புள்ளி வெட்டினார்கள். அதனால் இரண்டாமிடம். முதலிரண்டு இடங்களும் கண்டியில் நடக்கும் மாகாணப் போட்டிக்குத் தகுதி.

பரிசு வாங்கி மேடையிலிருந்து இறங்கியதும் நிப்லா வாப்பாவின் போனில் உம்மாவை அழைத்தாள்.

"உம்மா, ரெண்டாவது!"

"எத்தின பேர்ல?"

"இருபத்திரெண்டு!"

போனைக் கையில் பிடித்தபடியே உம்மா வாசலுக்கு ஓடியிருக்க வேண்டும். "றுக்ஸானா! ஏ றுக்ஸானா! நிப்லா ரெண்டாவதாம்!" என்று பக்கத்து வீட்டைக் கூப்பிடும் குரல் கேட்டது. ஒரு கதவு திறந்தது, நாய் குரைத்தது, யாரோ "எதுல?" என்று கேட்டார்கள். "மெஷின்ல!" என்றார் உம்மா. நால்வரும் போனுக்கு மேல் தலையைக் குவித்து, அந்தத் தெரு முழுவதற்கும் செய்தி போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கண்டியில் ஆறாமிடம்தான் கிடைத்தது. அதற்காக யாரும் அழவில்லை. அங்கே தடியொன்றைத் தூக்கிக்கொண்டு படியேறும் ரோபோவைக் கண்டுவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு இருவரும் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவை எடுத்தார்கள். மஸூதா டீச்சரின் அறையில் இப்போது ரோபோ செய்யப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். கதிரை போதாமல் பாதிப்பேர் தரையில்.

இந்நாட்களில் நிப்லாவின் மேசையில் நான்கு கால் உள்ள ஒன்று நிற்கிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. மூன்றாவது காலைத் தூக்கினால் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. துஷாந்தினி தினமும் ஒரு புதுக் கணக்கோடு வருகிறாள். நேற்று இரண்டடி நடந்தது.