ஒழுகும் கூரைக்குக் கண்ணாடிச் சட்டம்

வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கும் வேலை எனக்கு இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் அறையில், கட்டிலுக்கு மேலே, எங்கள் மாட்டுக்கொட்டகை தொங்குகிறது. கதவு அகலத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வீட்டில் சாணி அள்ளிவிட்டு வந்து, இங்கே அதே கொட்டகைக்குத் தூசி துடைத்தேன்.

படம் எடுத்தவர் போன கோடையில் வந்தார். ஆள் வருகிறாரே என்று சாணிக்கூடையை ஒளித்துவைத்து, வாசலில் தண்ணீர் தெளித்து, மாட்டுக்குக்கூட முகம் கழுவிவிட்டேன். அவர் கூடையைத் திரும்ப வைக்கச் சொன்னார். மாட்டை வெளியே கட்டச் சொன்னார். என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். படத்தைப் பார்த்தால் அந்த வீட்டில் எல்லாரும் செத்துப்போன மாதிரி இருக்கும்.

அறையில் தங்கியவர்கள் கொட்டகையை நேரிலும் பார்க்க வர ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் மழைக்கு முன்னால் துருப்பிடித்த கூரையை மாற்றலாம் என்று தகரம் வாங்கினோம். மாடு நிறைசினை. போன ஈற்றுக் கன்று ஒழுகலில் நனைந்து, குளிரில் விறைத்துச் செத்தது. மலையாளத்துக்காரரான மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“சேச்சி, சீசன் கழியட்டும். பழசா இருந்தாத்தான் பார்க்க ஒரு பங்கி, ஒரு அழகு.”

“மாடு சீசன் பாத்தா சார் ஈனும்?”

“ரெண்டு வாரம் பொறுத்தா மதி. சேச்சியோட ஜோலிக்கும் அதுதான் நல்லது.”

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் தகரத்தைக் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்துவிட்டார்.

“ரெண்டு வாரந்தான புள்ள, பொறுத்துக்க. ஒன் வேல போச்சுன்னா என்னத்தத் திங்க?”

நானே ஏறி நீலத் தார்ப்பாயைக் கூரைமேல் இழுத்துக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேனேஜர் ஒரு தம்பதியைக் கூட்டிவந்தார். தார்ப்பாயைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பத்து நிமிடம் அவிழ்த்தால் போதும், படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்கள். வானம் கறுத்து நின்றது. உள்ளே மாடு வலி எடுத்து, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஏணியைச் சாய்த்தார்.

“ஏறாதீக. தூறல் விழுது.”

“வந்தவுக முன்னாடி இப்பிடியா பேசுவ?”

“வந்தவுகளா ஒங்க மாட்டுக்குப் பேறு பாக்கப் போறாக?”

அவர் முதல் படியில் கால் வைத்தார். நான் ஏணியைப் பிடுங்கிக் கொட்டகைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு முன்னால் நின்றேன்.

மேனேஜர் ஜீப்பைத் திருப்பும்போது, “நாளைக்கு ஆபீஸுக்கு வரணும்” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. காய்ந்த வைக்கோலில் கிடேரிக் கன்று விழுந்தது. அரை மணியில் எழுந்து மடியைத் தேடியது.

மறுநாள் என்னை அறை வேலையிலிருந்து எடுத்துத் துணி துவைக்கிற பக்கம் போட்டார்கள். சம்பளம் அதேதான், ஆனால் சோப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று கை வெந்துபோனது. வீட்டுக்கு வந்தால், இவர் கூரைமேல் உட்கார்ந்து தகரம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

“ஆணிய எடுத்துக் குடு புள்ள.”

“இன்னைக்கு ஏறுன காலு, போன வாரம் எங்க போச்சு?” என்று கேட்டேன்.

அவர் கையைக் கீழே நீட்டினார். ஆணி டப்பாவை மேலே நீட்டினேன்.