கிரானோல்ட் சிம்பனியில் ஓர் இருமல்

ஹார்ட்விக் சைஃபார்ட்டிடம் ஒரு இசைத்தட்டை இரவல் கேட்பதற்குப் பதில் அவன் பல்லைப் பிடுங்கித் தரச் சொல்லலாம். பல்லாவது கிடைக்கும். ஆல்டன்பூர்க் ஊரில் பாதிக் கிழவர்கள் மெல்லுவது அவன் செய்துகொடுத்த பல் செட்டால்தான். வேலைக்காலம் முழுக்கப் பல் பட்டறையில் பல்லை ராவிய தூசி நெஞ்சுக்குள் படிந்து, இருமலாகி, அவனோடு சேர்ந்து ஓய்வுபெற்றது.

அவன் மனைவி வெகுகாலம் முன்பே போய்விட்டாள். "செத்துப்போன நூறு பேரோட இந்த வீட்டுல குடித்தனம் பண்ண என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நூறு பேரும் ஜெர்மன்காரர்களே மறந்துவிட்ட ஜெர்மன் இசையமைப்பாளர்கள். பெரிய பெயர்களை ஹார்ட்விக் சீண்டவே மாட்டான். "அவங்களுக்கு ஊரூரா சிலை இருக்கு. நான் வேற எதுக்கு?" என்பான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணிக் காப்பிக்கு அவன் வீட்டில் கூடுவோம். பள்ளிக்கூடத்திலிருந்து அவனோடு மாரடிக்கும் யோகெனாகிய நான், மருந்துக்கடை நடத்திய கெசீனே, ரேடியோ பழுதுபார்க்கும் ரைன்ஹோல்ட். யார் எதைக் கொண்டுவந்தாலும் எல்லோரும் கேட்டாக வேண்டும். பாட்டு ஓடும்போது கரண்டி கூடச் சத்தம் போடக் கூடாது. முடிந்ததும் பிளம் கேக்கோடு அதையும் கிழித்துத் தின்போம். பிறகு ரைன்ஹோல்ட் அதை இணையத்தில் எங்களைப் போன்ற பைத்தியங்களின் குழுவில் ஏற்றுவான். அங்கே இன்னொரு சுற்றுக் கிழிபடும்.

ஹார்ட்விக் ஆயுள் முழுக்கத் தேடியது கோட்ஹெல்ஃப் கிரானோல்டின் மூன்றாம் சிம்பனியை. தொழில் பழகிய காலத்தில் பட்டறை ரேடியோவில் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறான். அதன் மெதுவான பகுதியில் ஹார்ன் என்கிற கொம்பு வாத்தியம் ஒன்று தனியாக வாசிக்குமாம். அதை எங்களுக்கு முனகிக் காட்டுவான். "போன மாசம் வேற மெட்டு முனகுனீங்களே சைஃபார்ட் சார்" என்பாள் கெசீனே. அவனுக்கு முகம் சிவந்துவிடும். மெட்டு நழுவிக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியும், அதுதான் பயம். இசைக்குறிப்பு எங்கும் கிடைக்கவில்லை. கேட்ட காப்பகங்கள் எல்லாம் கைவிரித்துவிட்டன.

கடைசியில், இறந்துபோன ஓர் ஒலிப்பதிவாளரின் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு ஸ்பூல் ஒலிநாடா ஹார்ட்விக்கின் கைக்கு வந்தது. பெட்டியில் கிரானோல்ட் என்று பென்சிலால் எழுதியிருந்தது. ரைன்ஹோல்ட் தொட்டுப் பார்த்தான். விரலில் பழுப்புப் பொடி ஒட்டியது.

"இது ஒரு தடவைதான் ஓடும். ஓட ஓட உதிர்ந்துரும். அப்புறம் வெறும் பிளாஸ்டிக்தான். அந்த ஒரு தடவையிலேயே பதிஞ்சுக்கணும்."

"பெரிய ஸ்டூடியோவுல குடுக்கலாமே?" என்றேன்.

"குடுத்தா ஆறு மாசம் போட்டு வச்சிருப்பான். எனக்கு ஆறு மாசம் இருக்கான்னு போய் டாக்டரைக் கேட்டுட்டு வா" என்றான் ஹார்ட்விக்.

"அப்ப உங்க இருமல்?" என்று கெசீனே கேட்டாள்.

"கேபிள் வழியாத்தானே பதியுது? நான் தொண்டை கிழிய இருமுனாலும் கேபிளுக்குக் காது கிடையாது."

அந்த ஞாயிறு யாரும் காப்பியைத் தொடவில்லை. ரைன்ஹோல்ட் தன் பழைய ஸ்பூல் இயந்திரத்தைக் கொண்டுவந்து கேபிளைச் செருகி, சோதித்து, ஓடவிட்டான். ஒலிபெருக்கியிலிருந்து வயலின்கள் எழுந்தன. அடுத்த நொடியே காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது.

"கேபிள்ல வெறும் இரைச்சல்தான் வருது. பதியல!"

"நிறுத்து" என்றேன்.

"நிறுத்தாத! நிறுத்தினா ஒட்டிக்கும், அறுந்துரும்" என்று கத்தினான் ஹார்ட்விக்.

கெசீனே காலையில் காட்டில் பறவைச் சத்தம் பதியப் போகிறவள். பையிலிருந்து தன் சின்ன ரெக்கார்டரை எடுத்து, ஒரு நாற்காலியில் வைத்து, ஒலிபெருக்கியின் முன்னால் தள்ளி, பொத்தானை அழுத்தினாள். பிறகு எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். இனி அறையில் எழும் ஒவ்வொரு சத்தமும் சிம்பனிக்குள் போகும். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஹார்ட்விக்கைத் திரும்பிப் பார்த்தோம்.

எழுந்து வெளியே போயிருக்கலாமே என்பீர்கள். அந்த வீட்டு மரத்தரை பூனை நடந்தாலே முனகும், கதவு அதைவிட மோசம். அதோடு, வெளியே போனால் அவன் கேட்பது எப்படி? பொடி இயந்திரத்துக்கடியில் கொட்டத் தொடங்கிவிட்டது.

முதல் இரண்டு பகுதிகளைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடித்துச் சமாளித்தான். நல்ல இசையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவன் கழுத்து நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவான பகுதி தொடங்கியது. வயலின்கள் தணிந்துகொண்டே போயின. அவன் கைக்குட்டையை வாயில் திணித்தான். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. கெசீனே இருமிவிடும்படி கையால் சைகை காட்டினாள். முடியாது என்று தலையை ஆட்டினான். கண்ணில் நீர் வழிந்தது. முகம் சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போனது, உதடு நீலம் பாரித்தது. ரைன்ஹோல்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஹார்ட்விக்கின் கை நாற்காலிப் பிடியை விட்டு நழுவி, தொங்கியது.

"இருமித் தொலைடா!" என்று கத்திவிட்டேன்.

அப்படியொரு இருமலை நான் கேட்டதில்லை. கெசீனே தரை முனக ஓடிப்போய் அவன் முதுகைத் தட்டினாள், நான் ஜன்னலைத் திறந்தேன். அவனுக்கு மூச்சு வந்தபோது கடைசிப் பகுதியின் எக்காளம் முழங்கிக்கொண்டிருந்தது. நாடா முடிந்தது. இயந்திரத்துக்கடியில் பொடி குவிந்து கிடந்தது.

கெசீனேயின் ரெக்கார்டரை உடனே போட்டுப் பார்த்தோம். வயலின்கள் தணிகின்றன. கொம்பு எழுகிறது. இரண்டே இரண்டு ஸ்வரம். அதன்மேல் என் குரல். பிறகு அவன் இருமல், இருமல், இருமல். இருமல் ஓய்ந்தபோது கொம்பு போயே போய்விட்டது.

"அதுதான்" என்றான் ஹார்ட்விக். "நீ கத்தாம இருந்திருந்தா அடக்கியிருப்பேன்."

"செத்திருப்படா."

"கேட்டுட்டுச் செத்திருப்பேன்."

எனக்கும் கோபம் வந்தது. "ஒரு கொம்புக்காக உன்னைப் பொணமாப் பாக்கணுமா நான்?"

"வெளிய போ."

போனேன். அதன் பிறகு போன் செய்தால் வைத்துவிடுவான். ஞாயிறு கூட்டமும் நின்றது. "உயிரோடதான் இருக்காரு. உங்க பேரைச் சொன்னா மட்டும் இருமல் வருது" என்று கெசீனே வந்து சொன்னாள். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அறுபது வருடப் பழக்கத்தில் அவன் வீட்டு மணியை அடிக்கப் பயந்தது அப்போதுதான்.

ரைன்ஹோல்ட் பதிவை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டான். குழுவில் அமளிதுமளி. இருமல் கேட்பதால் இது பார்வையாளர்கள் முன் நடந்த கச்சேரி என்றார் உட்ரெக்ட்காரர் ஒருவர். கத்தியது இசைக்குழுவை நடத்தியவர்தான், இருமியவரைத் திட்டுகிறார் என்றார் இன்னொருவர். ஹனோவரிலிருந்து ஒரு பண்டிதர் என் ஒரு வரிக் கத்தலை ஆராய்ந்து, பேச்சில் லைப்சிக் வாடை அடிப்பதால் கச்சேரி லைப்சிக்கில்தான் நடந்தது என்று மூன்று பக்கம் எழுதினார். நான் மூச்சு விடவில்லை. எழுதினால் ஹார்ட்விக்கின் கொம்பைக் கெடுத்தவன் நான்தான் என்று உலகத்துக்கே சொல்ல வேண்டும்.

பிறகு ஒசாகாவிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். மேலே விழுந்த சத்தங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அவரிடம் இருக்கிறதாம். சோதித்துப் பார்த்திருக்கிறார், அடியில் கொம்பு முழுசாக இருக்கிறது. இருமல், கத்தல் இரண்டையும் துடைத்துவிடலாம். ஆனால் நாடாவின் சொந்தக்காரர் சரி சொன்னால்தான். அதுதான் குழுவின் வழக்கம்.

செய்யுங்கள், செய்யுங்கள் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவன் கொம்பு அவனுக்குக் கிடைத்துவிடும். என் குரல் தொலைந்தால் தொலையட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கொஞ்சம் வலித்தது.

இரண்டு நாள் கழித்து ஹார்ட்விக்கின் பதில் வந்தது. ஒற்றை விரலால் தட்டுகிறவன், அதனால் சுருக்கமாகத்தான் எழுதுவான்.

"இருமல் என்னுடையது, அதை எடுத்துவிடுங்கள். கத்தியவர் இசைக்குழுவை நடத்தியவர் இல்லை, என் நண்பன் யோகென். அவன்மேல் கை வைக்காதீர்கள்."