டிஷ்யூ வைத்துப் பிடித்த இடம்

எங்கள் மேலாளர் வழக்கமாக என்னை "ப்ரோ" என்றுதான் கூப்பிடுவார். என்னைவிடப் பத்து வயது இளையவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். அன்றைக்கு எழுந்து வந்து, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலையிடத்தில் திடீரென்று மரியாதை கூடினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

காரணமும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம், சிங்கப்பூர் சாங்கியில் எங்கள் சரக்குக் கிடங்கில், பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவன், அதன் வழியில் நின்று பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். பத்து வண்டிகள் பீப் பீப் என்று அலறும் இடத்தில், தன்னை நோக்கி வருவது எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சூப்பர்வைசர். "நில்லு!" என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சரியாகச் சொன்னால், ஈரச் செருப்பை மிதித்தாற்போல் ஒரு கீச் வந்தது. கடைசி நொடியில் அவனாகவே குதித்துத் தப்பினான்.

மேலாளர் சொன்னது இதுதான். நான்கு சனிக்கிழமை ஒரு வகுப்புக்குப் போக வேண்டும். உடம்பு, மூச்சு, குரல் மூன்றையும் பழக்கி, ஓர் ஆள் வந்து நின்றால் நின்றது தெரிகிற மாதிரி ஆக்குவார்களாம். பிறகு, வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கை அவர் கண் முன்னால் நான் நடத்திக் காட்ட வேண்டும். சரிவரவில்லை என்றால் கிடங்கிலிருந்து எடுத்து மாடியில் பேப்பர் வேலைக்குப் போட்டுவிடுவார்.

"தண்டனைலாம் இல்லண்ணே. உங்க நல்லதுக்குத்தான் லா."

நல்லதுக்கு என்றதும் சந்தேகம் உறுதியானது. இருபது வருடம் கீழே நின்றவனை மேலே ஏற்றுவதே, அங்கிருந்து வீட்டுக்கு அனுப்ப லிஃப்ட் வசதி இருக்கிறது என்பதால்தான்.

உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ரிமோட் எங்கன்னு நீங்க கத்துறது பக்கத்து புளோக் வரைக்கும் கேக்குது. உங்களுக்கா குரல் வகுப்பு? சனிக்கிழமை நெஜமாவே அங்கதான் போறீங்களா?"

அவளுக்கும் சந்தேகம்தான். ஆனால் அது என்மேல்.

வகுப்பு லிட்டில் இந்தியாவில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். பத்துப் பேர் இருந்தோம். ஆசிரியை நாடகத்தில் நடிப்பவர், முப்பது வயதிருக்கும். எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் தரையில் படுத்துக் கண்ணை மூடச் சொன்னார். பட்டப்பகல் மூன்று மணிக்கு, முன்பின் தெரியாதவர்கள் நடுவே கண்ணை மூடுவதா? பையின் வாரைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

"மூச்ச வெளிய விடுங்க. வயித்தப் பிடிக்காதீங்க."

என் வயிற்றை நான் கல்யாணமான நாளிலிருந்து உள்ளிழுத்துப் பிடித்து வருகிறேன். விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மூலையில் என் வயதுப் பெண்மணி ஒருவர், படுக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி எழுதினார். எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி அனுப்பிய ஆள்.

இரண்டாவது சனிக்கிழமை, "இந்த ரூம்ல உங்களுக்குன்னு ஒரு இடத்த எடுத்துக்குங்க" என்றார் ஆசிரியை. நான் கதவுக்குப் பக்கத்தில், தப்பி ஓடத் தோதான ஓர் இடமாகப் பார்த்து, டிஷ்யூ பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். உணவங்காடியில் மேசை பிடிக்கிற பழக்கம். மேசையில் டிஷ்யூ இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். இந்த ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

திரும்பி வந்தால், மொத்த வகுப்பும் என் டிஷ்யூவைச் சுற்றி நின்றது.

"அங்கிள், இது உங்களுதா?"

"ஆமா, இடம் பிடிச்சிருக்கேன். சிக்கன் ரைஸ் வாங்கப் போயிருக்கேன்னு நெனச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"அங்கிள், இப்ப ஜோக் சொல்றதுக்கு முன்னாடி மூச்சு விட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். விடவில்லை. கடைசியாக எப்போது விட்டேன் என்றுகூட நினைவில்லை.

"பயம் வந்ததும் மூச்சப் பிடிச்சுக்கிறீங்க. ஒரு ஜோக்க வச்சுட்டு நீங்க ஓடிடுறீங்க, இந்த டிஷ்யூ மாதிரி. அத எடுத்துட்டு நீங்க நில்லுங்க."

நின்றேன். சும்மா நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை தெரியாது. இரண்டு கைகளும் வேறு யாருடையவோ போல் தொங்கின. மூச்சை முழுவதும் விட்டேன். வயிறும் கூடவே வெளியே வந்து நின்றது. "நில்லுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். பெல்ட்டுக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. பின்னால் யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தேன்.

நோட்டுப் பெண்மணி அதையும் எழுதினார். இடைவேளையில் நேராகவே கேட்டுவிட்டேன்: "யாருக்கு ரிப்போர்ட் எழுதுறீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "ரிப்போர்ட்டா? நான் தொடக்கப்பள்ளி டீச்சர். கிளாஸ்ல சொல்லிக்குடுக்க எழுதுறேன். எனக்கு முதுகுவலி, தரையில படுக்க முடியாது. நீங்கதான் எங்க பிரின்சிபல் அனுப்புன ஆளோன்னு பயந்துட்டு இருந்தேன். ஒத்தக் கண்ணத் தொறந்து என்னையே பாக்குறீங்க!"

நான்கு சனிக்கிழமையும் முடிந்து, திங்கட்கிழமை வந்தது. இருபது பேர் அரைவட்டமாக நின்றார்கள். பின்னால், கையில் கோப்பியுடன் மேலாளர். வழக்கமான முதல் ஜோக் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூச்சை விட்டேன்.

"போன மாசம் இந்த இடத்துல நான் கத்தினேன். சத்தம் வரல. பயத்துல தொண்டை அடைச்சிருச்சு. தம்பிக்குக் கால் போயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும், எப்படியும் சிரிப்பு வரும் என்று பாதி வாயைத் திறந்து காத்திருந்தார்கள். முன்வரிசையில் நின்ற அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னான்.

"நான் நிமிந்து பாத்தேண்ணே, நீங்க வாயத் தொறந்தத."

"பாத்தியா? அப்புறம் ஏன்டா நகரல?"

"மீன் மாதிரி வாயத் தொறந்து மூடுனீங்க. எப்பவும்போல காமெடி பண்றீங்கன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டு நின்னேன். உங்க கண்ணப் பாத்த பெறகுதான் குதிச்சேன்."

குரல்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கலாம் என்று இருபது வருடமாக இவர்களைப் பழக்கியது யார்?

"இனிமே நான் நில்லுன்னா நிக்கணும். சிரிப்பெல்லாம் அப்புறம். இப்பவே பாப்போம், எல்லாரும் நடங்க."

நடந்தார்கள்.

"நில்லு."

இருபது பேரும் நின்றார்கள். கோப்பியை வாயருகே கொண்டுபோன மேலாளரும் அப்படியே நின்றுவிட்டார்.

முடிந்ததும் வந்து கை குலுக்கினார். "மாடி வேணாம். நீங்க இங்கயே இருங்க."

இவ்வளவு சுலபமாகவா? இதில் ஏதோ இருக்கிறது என்று மனசு சொன்னது. மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, புதுக் குரலிலேயே சொன்னேன்.

"அத ஒரு மெயில்ல போட்டுடுங்க."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிட்டார்.